தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்தில் தைராய்டு குறைவுக்காக லெவோதைராக்சின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. எல்ட்ராக்சின், தைரோநார்ம், தைராக்ஸ் என்று டப்பாவில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ரிப்போர்ட்டில் டி3, டி4, டிஎஸ்ஹெச் என்று மூன்று வரி இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

டிஎஸ்ஹெச். டி3-ம் டி4-ம் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். டிஎஸ்ஹெச் தைராய்டு சுரப்பியில் உண்டாவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "இன்னும் சுர" என்று அனுப்பும் உத்தரவு அது. உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உத்தரவு பலக்கும், எண் ஏறும். ஹார்மோன் மிஞ்சினால் உத்தரவு அடங்கும், எண் இறங்கும். பெரும்பாலான லேப்களில் பெரியவர்களுக்கான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை.

எண் போகும் திசை தலைகீழ் என்பதை மறந்தால் மொத்தமும் தப்பாகிவிடும். டிஎஸ்ஹெச் 9 என்று வந்ததும் "தைராய்டு கூடிப்போச்சு, மாத்திரை ஓவராயிருச்சு" என்று 100 மைக்ரோகிராமைப் பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பிப்பவர்கள் உண்டு. அங்கே தேவைப்பட்டது நேர் எதிர். 9 என்றால் மருந்து உடம்புக்குப் போதவில்லை, அல்லது ஒழுங்காக உள்ளே போகவில்லை.

டி3 கட்டாயம் பார்க்க வேண்டுமா?

மாத்திரையின் அளவைச் சரிபார்க்க டிஎஸ்ஹெச்சும், தேவைப்பட்டால் ஃப்ரீ டி4-ம் (புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) போதும். லெவோதைராக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்து குறைவாக இருக்கும்போதும் டி3 பல சமயம் நார்மலாகவே காட்டும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 'தைராய்டு ப்ரொஃபைல்' என்று எடுக்கும்போது பெரும்பாலும் டோட்டல் டி3, டோட்டல் டி4 பார்ப்பார்கள். டோட்டல் என்பது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஹார்மோனையும் சேர்த்த கணக்கு. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடுவதால் டோட்டல் டி4 தானாக ஏறித் தெரியும். ஆகவே லேபில் "ஃப்ரீ டி4, டிஎஸ்ஹெச்" என்று கேட்டு எடுங்கள்.

மகள் வீட்டில் இருந்தபோது சிங்கப்பூரில் எடுத்த ரிப்போர்ட்டில் டி4 14 என்று இருக்கிறது. இங்கே 1.1. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அலகு வேறு, அவ்வளவுதான். நம் ஊர் லேப்களில் ஃப்ரீ டி4-ஐ டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று தருவார்கள், அளவு சுமார் 0.8 முதல் 1.8. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் லிட்டருக்குப் பிகோமோல். நம் எண்ணை 12.87-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும்: 1.1 × 12.87 = 14.2. இரண்டும் ஒரே அளவுதான். டிஎஸ்ஹெச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்று போட்டாலும் லிட்டருக்கு மில்லி யூனிட் என்று போட்டாலும் எண் மாறாது.

இருந்தாலும் லேப் மாறினால் மிஷினும் மாறுகிறது, நார்மல் எல்லையும் கொஞ்சம் மாறுகிறது. ஊரில் இருக்கும் காலமெல்லாம் ஒரே லேபில் எடுப்பது நல்லது.

ரத்தம் கொடுக்கும் அன்று காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போவதா, போடாமல் போவதா?

போடாமல் போங்கள். மாத்திரையை ஒரு சின்னப் பொட்டலத்தில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, பலகாரம். மாத்திரை போட்ட 2 முதல் 4 மணி நேரத்துக்குள் ஃப்ரீ டி4 தற்காலிகமாக 20 சதவீதம் வரை ஏறி நிற்கும். அந்த நேரத்தில் ஊசி குத்தினால் "டி4 அதிகம்" என்று வரும். அதைப் பார்த்து டோசைக் குறைத்தால் நஷ்டம் உங்களுக்கு.

மறந்து போட்டுவிட்டால் பரிசோதனையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஒரு மாத்திரையால் டிஎஸ்ஹெச் அசையாது. "காலை 6 மணிக்கு மாத்திரை போட்டேன்" என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தைராய்டுக்காக மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை. சர்க்கரை, கொழுப்பு சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால்தான் அது வேண்டும். நேரம் மட்டும் முக்கியம். டிஎஸ்ஹெச் நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். போன தடவை காலை 7 மணி, இந்தத் தடவை சாயங்காலம் 4 மணி என்று எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

டோஸ் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. இப்போதே பார்த்துவிடலாமா?

வேண்டாம், காசு தண்டம். லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் ஆகும். புதிய டோஸ் உடம்பில் நிலைப்பட 5, 6 வாரம் வேண்டும். பிட்யூட்டரி அதைவிட மெதுவாகத்தான் தன் உத்தரவை மாற்றும். ஆகவே டோஸோ கம்பெனியோ மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதனை. அளவு நிலைப்பட்ட பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை போதும்.

நகரத்தார் கடைக் கணக்கில் சொல்வதானால் டிஎஸ்ஹெச் ஐந்தொகை, ஃப்ரீ டி4 இன்றைய கல்லா. கல்லாவில் இன்று பணம் நிறைந்திருக்கலாம், கடை லாபமா நட்டமா என்பதை ஐந்தொகைதான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது?

டிஎஸ்ஹெச் அதிகம், ஃப்ரீ டி4 குறைவு என்றால் சந்தேகமில்லை, மருந்து போதவில்லை. டிஎஸ்ஹெச் 6, 7 என்று கொஞ்சம் அதிகம், ஃப்ரீ டி4 நார்மல் என்றால் லேசான பற்றாக்குறை. டாக்டர் பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் கூட்டுவார். அதற்கு முன் மாத்திரை எப்படி விழுங்குகிறீர்கள் என்று கேட்பார், கேட்க வேண்டும். டிஎஸ்ஹெச் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம் என்றால் டோஸ் மிஞ்சுகிறது. டிஎஸ்ஹெச் மட்டும் குறைந்து ஃப்ரீ டி4 எல்லைக்குள் இருந்தாலும் டோஸ் கொஞ்சம் கூடுதல் என்றே பொருள்.

பலரைத் திகைக்க வைப்பது இன்னொரு வகை: டிஎஸ்ஹெச் 15, ஃப்ரீ டி4 நார்மல் அல்லது கொஞ்சம் அதிகம். இரண்டு மாதமாக மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டு, பரிசோதனைக்கு முந்தைய நாலைந்து நாள் மட்டும் தவறாமல் போட்டவர்களுடைய ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஃப்ரீ டி4 நாலு நாளில் எழுந்துவிடும், டிஎஸ்ஹெச் எழுதி வைத்த பழைய கணக்கை அழிக்காது. விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் மறைத்தால் அவர் டோசைக் கூட்டுவார். அந்தக் கூடுதல் டோசை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் படபடப்பு வரும்.

இரண்டுமே குறைவாக இருந்தால், அதாவது டிஎஸ்ஹெச்சும் ஏறாமல் ஃப்ரீ டி4-ம் தாழ்ந்து கிடந்தால், கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு, அதன்பின் பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்ப வராமல் போனவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிட்யூட்டரி கோளாறு உறுதியானவர்களுக்கு டிஎஸ்ஹெச்சை வைத்து டோஸ் போட முடியாது, ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான்.

போன முறை 2.1, இப்போது 3.0. ஏறிக்கொண்டே போகிறதே?

ஏறவில்லை. ஒரே ஆளுக்கு, ஒரே டோசில், இந்த அளவு ஆட்டம் இயல்பு. டிஎஸ்ஹெச் மிகவும் உணர்ச்சியுள்ள எண்: ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் ஏறத்தாழ 100 மடங்கு ஏறும். அதனால் 2-க்கும் 3-க்கும் நடுவில் உடம்பில் நடந்த மாற்றம் மிகச் சிறியது.

தவறாமல் சாப்பிடுகிறேன். ஆனாலும் டிஎஸ்ஹெச் இறங்க மாட்டேன் என்கிறது. ஏன்?

தினமும் சாப்பிடுவது வேறு, மருந்து குடலில் ஏறுவது வேறு. சந்தேகப்பட வேண்டிய வரிசை இது.

முதலில் காபி. எழுந்ததும் மாத்திரை, கையோடு டம்ளர் காபி என்பதுதான் நம் பக்கத்தில் மிகச் சாதாரணமான காரணம். காபி மருந்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும், பாலில் இருக்கும் கால்சியம் அதற்குத் துணைபோகும். மாத்திரைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும், பிறகு குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேர இடைவெளி. காலையில் அந்த ஒரு மணி நேரம் நடக்கவே நடக்காது என்பவர்கள் இரவுக்கு மாறலாம். இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது. எது உங்கள் வீட்டு நடைமுறைக்கு ஒத்துவருகிறதோ அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மற்ற மாத்திரைகள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில் போன்ற வயிற்றெரிச்சல் மருந்து, வயிற்றுப்புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் ஆகியவை குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை காலை 6 மணிக்கு என்றால் இரும்பும் கால்சியமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தைராய்டை இரவுக்கு மாற்றியவர்கள் இரவுக் கால்சியத்தை மதியத்துக்குத் தள்ள வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை'களை மாதக்கணக்கில் எடுத்தாலும் வயிற்றில் அமிலம் குறைந்து தைராக்சின் கரைவது குறையும். அங்கே இடைவெளி உதவாது, டோஸ்தான் மாற வேண்டியிருக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் ஆகியவை தைராக்சினைச் சீக்கிரம் செலவழிக்கும். இவற்றில் எதையாவது தொடங்கினாலும் நிறுத்தினாலும் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் எடை கூடியதா என்று பாருங்கள். சுரப்பி முழுவதும் செயலிழந்தவருக்குக் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவை, 60 கிலோ உள்ளவருக்கு 100-ஐ ஒட்டி. இதைவிட வெகு அதிகமாகச் சாப்பிட்டும் டிஎஸ்ஹெச் உயரத்திலேயே நின்றால் குடல் உறிஞ்சும் கோளாறுகளைத் தேட வேண்டும்: கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், எச். பைலோரி கிருமியால் வரும் வயிற்றுப்புண்.

முட்டைக்கோசு, காலிஃபிளவரை எல்லோரும் பழிக்கிறார்கள். சமைத்துச் சாப்பிடும் அளவால், மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு டிஎஸ்ஹெச் ஏறாது. கவுனி அரிசியும் கும்மாயமும் அப்படித்தான், மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடைவெளி இருந்தால் சரி.

டப்பாவை எங்கே வைப்பது?

வெயில் படாத, ஈரம் இல்லாத, சூடு குறைந்த இடத்தில். அடுப்படி அலமாரியும் பூசையறை விளக்கடியும் ஆகாது. பழைய வீடுகளில் கெட்டிச் சுவர் உள்ள அறை போதும். கொதிக்கும் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைத்த டப்பாவை நம்பாதீர்கள். மாத்திரையைக் கழற்றி வேறு டப்பியில் மொத்தமாகக் கொட்டி வைக்கவும் வேண்டாம், அதற்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது. வாரத்துக்கு ஏழு என்று எண்ணி எடுத்து வைப்பதில் தவறில்லை. போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அதுதான் மருந்து.

மெடிக்கலில் அந்தக் கம்பெனி இல்லை என்று வேறு தந்தார்கள்.

மைக்ரோகிராம் ஒன்றாக இருந்தால் சாப்பிடலாம், விட்டுவிடாதீர்கள். ஆனால் தேதியைக் குறித்துக்கொண்டு 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு கம்பெனி என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. டப்பாவில் 12.5-ஐ 125 என்று படித்துவிடும் ஆபத்தும் உண்டு. புள்ளியைக் கவனியுங்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தைராய்டோடு இல்லை, லேப் மிஷினோடு உண்டு. பல மிஷின்கள் பயோட்டினை ஒட்டுப்பொருளாகப் பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ரிப்போர்ட் பார்த்தால் டோஸ் மிஞ்சியது போலவே இருக்கும், ஆளுக்கோ ஒரு அறிகுறியும் இருக்காது. முடி மாத்திரைகளில் பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிகிராம் இருக்கும். பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள், அதைவிடப் பெரிய டோஸ் என்றால் இன்னும் முன்பே.

அமுக்கரா சூரணம் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். அது சிலருக்கு டி4-ஐ நிஜமாகவே ஏற்றுகிறது.

விரத நாளிலும் பாதயாத்திரையிலும் என்ன செய்வது?

தண்ணீர் குடிக்கும் விரதம் என்றால் எப்போதும்போல் காலையில் போடலாம், வெறும் வயிறு மருந்துக்கு நல்லதுதான். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளும் வரை பச்சைத் தண்ணீரும் தொடமாட்டேன் என்பவர்கள், அன்று இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது. அன்றே வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் நினைவு வந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் வழக்கம்போல்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போவது வேறு விஷயம். ஒரு வாரம் விட்டால் உடம்பில் இருந்த மருந்தில் பாதி தீர்ந்திருக்கும். வேர்வை படாத சின்ன டப்பியில் நாள் கணக்குக்கு எடுத்துப்போங்கள். திரும்பி வந்த கையோடு பரிசோதனைக்கு ஓடாதீர்கள். காய்ச்சலோ வேறு நோயோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கும் இதுவே: உடம்பு தேறி சுமார் 6 வாரம் கழித்து எடுக்கும் டிஎஸ்ஹெச்தான் நம்பத்தக்கது.

கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. அடுத்த செக்கப் வரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும். அதனால் பல டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது, கர்ப்பம் தெரிந்த அன்றே வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 என்று எடுக்கச் சொல்வது. உங்கள் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அன்றே போன் செய்து கேளுங்கள், டிஎஸ்ஹெச்சும் எடுங்கள். இலக்கு பொதுவாக 2.5-க்குக் கீழ். ரிப்போர்ட்டில் அச்சிட்ட 4.5 எல்லை கர்ப்பிணிக்கானது அல்ல. கர்ப்பத்தின் பாதிவரை 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 30-ஆவது வாரத்தை ஒட்டி ஒருமுறை பார்க்க வேண்டும். பிரசவம் ஆனதும் பழைய டோசுக்குத் திரும்பி 6 வாரத்தில் மறுபடி. சத்து மாத்திரையும் கால்சியமும் இந்த மாதங்களில் கட்டாயம் இருக்கும் என்பதால் 4 மணி நேர விதியை இங்கே இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

அப்பத்தாவுக்கு 78 வயது. டிஎஸ்ஹெச் 5.6. டாக்டர் ஒன்றும் செய்யவில்லையே?

சரியாகத்தான் செய்திருக்கிறார். வயது ஏற ஏற டிஎஸ்ஹெச் இயல்பாகவே கொஞ்சம் உயரும். 70 தாண்டியவர்களுக்கு 4 முதல் 6 வரை இருக்கட்டும் என்று விடுவது ஏற்கப்பட்ட முறை. அந்த வயதில் டோஸ் மிஞ்சுவதுதான் ஆபத்து. இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும், எலும்பு தேயும். இதய நோய் உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவதும் இதற்காகத்தான்.

டிஎஸ்ஹெச் 0.05. உடம்பு இளைக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறேன். அப்படியே விடலாமா?

கூடாது. அந்த இளைப்பில் தசையும் எலும்பும் சேர்ந்து போகிறது. எடை குறைக்கத் தைராய்டு மாத்திரையைக் கூட்டிச் சாப்பிடுவது கெட்ட யோசனை. ஒரே விலக்கு, தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களில் சிலருக்கு டிஎஸ்ஹெச்சை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். அப்படிப்பட்டவருக்குப் புது டாக்டர் யாராவது ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து டோசைக் குறைத்துவிடாமல் இருக்க, அறுவை சிகிச்சைச் சீட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

எண் எல்லாம் நார்மல். அசதியும் முடி கொட்டுவதும் போகவில்லை.

அப்படியானால் தைராய்டை விட்டுவிட்டு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பு), பி12, விட்டமின் டி, சர்க்கரை பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டிஎஸ்ஹெச் 2.8-ஐ 1.2 ஆக்கினால் அசதி போகும் என்று டோசைக் கூட்டிப் பார்ப்பதில் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை.

நார்மல் வந்துவிட்டது. நிறுத்தலாமா?

நார்மல் வந்ததே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறும். பிரசவத்துக்குப் பின் வந்த தற்காலிகத் தைராய்டு அழற்சி போன்ற சில நிலைகளில் மட்டும் டாக்டரே குறைத்துப் பார்த்து நிறுத்துவார்.

ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். காரணம் தெரிய ஒருமுறை போதும். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் டோஸ் மாறப்போவதில்லை.

நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன். டிஎஸ்ஹெச் இன்னும் 0.01-க்குக் கீழே.

தைராய்டு மிகையில் டிஎஸ்ஹெச் எழுந்திருக்க மாதங்கள் ஆகும். டி3, டி4 நார்மலான பிறகும் அது தூங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தொடக்க மாதங்களில் டோசை முடிவு செய்வது ஃப்ரீ டி4-ம் டி3-ம்தான், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. இங்கே டி3 வீண் செலவு அல்ல. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே வெள்ளை அணு எண்ணிக்கை பாருங்கள். அரிதாக இந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் இது சிசுவைப் பாதிக்கக்கூடியது.

டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப்போவது?

மாத்திரை டப்பா, பழைய ரிப்போர்ட்டுகள், மற்ற மருந்துச் சீட்டுகள். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் பின்பக்கமும் நாலு விஷயம் எழுதி வையுங்கள்: அப்போதைய டோஸ், அந்த டோஸ் தொடங்கிய தேதி, ரத்தம் எடுத்த மணியும் அதற்கு முன் மாத்திரை போட்டீர்களா என்பதும், கடந்த இரண்டு மாதத்தில் விட்டுப்போன நாட்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போகும்போது இந்த நாலு வரி இருந்தால் பல சமயம் புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லாமலே டோசைத் தீர்மானித்துவிட முடியும். நெஞ்சு வலி, ஓயாத படபடப்பு, மூச்சிரைப்பு, அல்லது மாத்திரையை மாதக்கணக்கில் விட்டவருக்கு உடம்பு சில்லிட்டு மந்தமாகி எழுப்பினாலும் எழாத மயக்கம் என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.